மாலைக் கச்சேரியில் நாகஸ்வரம் எங்கே?

2024 டிசம்பரில் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவுக்கு எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரில் கொடுத்த விருது பற்றிய விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனபோது, சபா கேன்டீனிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழு வரை அதே பேச்சுதான். பேச வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து வரும், சென்னை மியூசிக் அகாடமியின் உயரிய விருதான சங்கீத கலாநிதி பெற்றவர்களின் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை வாசித்துப் பார்த்தால் என்னை உறுத்துவது நாகஸ்வரம். அதில் நாகஸ்வர வித்வான்கள் என்றால் 1956ல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை, அப்புறம் நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து 1998ல் ஷேக் சின்ன மௌலானா. தோடி ராகம் என்றதும் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிற திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் 1964லேயே போய்விட்டார், அவரும் இல்லை.

சரி, விருதை விடுவோம். மேடை? மார்கழி இசை சீசன் தொடக்க நாளில் மங்கள இசை என்று கொஞ்ச நேரம், ஆட்கள் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிடுகிறது. சாமி புறப்பாட்டில் அதற்கென்றே உள்ள மல்லாரியை வாசித்துவிட்டு, ஒவ்வொரு வீதியிலும் நின்று நின்று, ஒரே ராகத்தை மணிக்கணக்காக விரித்துப் பழகிய வாத்தியம் இது. ராக ஆலாபனையை இவ்வளவு நீளமாக யோசிக்கலாம் என்று பாடகர்களுக்கே காட்டியது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களை, அந்த வேகமான ஸ்வர உருட்டல்களை, காது கொடுத்துக் கேளுங்கள், அதற்குள் நாகஸ்வரம் இருக்கிறது.

கல்யாணங்களில் நிலைமை இன்னும் மோசம். தவில்காரர் விரலில் கூடு மாட்டிக்கொண்டு அருமையாக ஒரு தாளக் கோர்வையை முடிக்கிறார், திரும்பிப் பார்க்கக்கூட ஆளில்லை, அதற்குள் யாரோ வந்து ஒரு சினிமாப் பாட்டு கேட்கிறார்கள். வரவேற்புக்கு செண்டை மேளம் வந்துவிட்டது. செண்டையும் எனக்குப் பிரியம்தான், ஆனால் நம் ஊர் மேளக்காரர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு அது எதற்கு?

2022ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்தபோது உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, நன்றாக முற்றிக் காய்ந்த ஆச்சா மரத்தை வாங்கிவந்து கடைகிறார்கள். அந்தக் கைவேலை பிழைக்க வேண்டுமென்றால் வாசிக்கிறவர்களும் அதை நம்பிப் பிழைக்க முடிய வேண்டும், அதற்குக் கோவில் சம்பளமும் முகூர்த்த நாட்களும் மட்டும் போதாது.

சபா செயலாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வரும் மார்கழியில் ஒரு நாளாவது, மாலை முக்கியக் கச்சேரி நேரத்தை, முழு இரண்டரை மணி நேரமும், நாகஸ்வரத்துக்குக் கொடுங்கள். இரட்டைத் தவிலோடு, விஸ்தாரமாக ஒரு ராகம், பல்லவி. டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறேன், தவில் தனி ஆவர்த்தனம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன்.