நேரம் எழுதும் கட்டம்

இன்று காலை மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் ஒரு ரிமாண்ட் கட்டு, அதாவது கைதானவரைக் காவலில் வைக்கக் கேட்கும் காகிதங்கள். அதிலிருந்த அரெஸ்ட் மெமோவில் (கைதுக் குறிப்பில்) பெயர், பிரிவு, இடம் எல்லாம் நீல மையில். நேரம் மட்டும், பிறகு நிரப்பியது போல, கறுப்பு மையில்.

அந்த ஒரு கட்டம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அரசியல் சட்டம் 22(2) சொல்வது: கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் மட்டும் கழியும். இரவு 9 மணிக்கு வீட்டில் தூக்கியவரை மறுநாள் மாலை 4 மணிக்குக் கைது என்று எழுதினால், 19 மணி நேரம் கணக்கிலேயே வராது. அடி விழுவதற்கு வசதியான நேரமும் அதுதான்.

1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்தது. மெமோவில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதிப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். காவலில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை.

நடைமுறையில் கெடுவது சாட்சியில். ஸ்டேஷனுக்குப் பழக்கமான ஆளே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

"திருடனுக்கு என்ன சட்டம்?" என்று ஊர் கேட்கிறது. கோபம் நியாயமானதுதான். ஆனால் அவர் திருடர் என்பதே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அந்தக் கோபத்துக்கு எந்தக் கட்டமும் கையெழுத்தும் கிடையாது.

யாரையாவது கூட்டிப்போனால், அந்த நிமிடமே வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் நேரத்தோடு ஒரு வரி அனுப்புங்கள். முதல் ரிமாண்டிலேயே அந்த நேரத்தையும் உடம்பிலுள்ள காயத்தையும் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதிவு செய்யக் கேளுங்கள். ஸ்டேஷன் சிசிடிவி பதிவையும் அழிவதற்குள் மனுப்போட்டுக் கேட்கலாம்.