காற்றாடிமலை வரை அம்மாவோடு

புனித தேவசகாயம் சுட்டுக் கொல்லப்பட்ட காற்றாடிமலைக்குப் போகணும் என்று அம்மா சொன்னபோது, அதை ஒரு நாள் வேலையாகத்தான் நினைத்தேன். நாங்கள் இருப்பது தூத்துக்குடியில். திருநெல்வேலி போய் நாகர்கோவில் பஸ் பிடித்தால் வழியிலேயே ஆரல்வாய்மொழி வந்துவிடும். காலையில் போய், மலை ஏறி, மெழுகுதிரி ஏற்றிவிட்டு ராத்திரி வீடு திரும்பிவிடலாம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

“அவரு எங்கெல்லாம் அடிபட்டாரோ அங்கெல்லாம் போயிட்டுக் கடைசியாத்தான் மலைக்குப் போகணும். நேரா மலைக்குப் போனா அது என்ன யாத்திரை?”

அறுபத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஆனால் அம்மா முடிவு எடுத்துவிட்டால் எடுத்ததுதான். சரி என்று ஒரு சனி, ஞாயிறு குறித்துக்கொண்டேன்.

புனித தேவசகாயத்தைத் தென்மாவட்டத்துக் கத்தோலிக்க வீடுகளில் யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தது 2022 மே 15-ல். அதற்கு ஏறக்குறைய பத்து வருடம் முன்னால், 2012 டிசம்பர் 2-ல் நாகர்கோவிலில், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். ஆனால் என் பாட்டி காலத்திலேயே அவர் ‘வேதசாட்சி’, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர். பாட்டிக்கு அது போதுமாக இருந்தது.

அம்மாவின் இந்த நேர்ச்சை என் தம்பிக்காக. நான்கு வருடத்துக்கு முன் ஒரு சொத்துத் தகராறில் வார்த்தை முற்றி, வீட்டைவிட்டுப் போனவன் அவன். எங்கே இருக்கிறான் என்று தெரியும், என்ன வேலை பார்க்கிறான் என்றும் தெரியும். பேசுவதுதான் இல்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அம்மா கோயில் வாசலில் நின்று அவனுக்குப் போன் பண்ணுவாள். சில நாள் ரிங் போய் நின்றுவிடும். சில நாள் கட் பண்ணிவிடுவான். “போதும்மா, விட்டுருங்க, அவனுக்கா தோணும்போது பேசட்டும்” என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். நான் அவனுக்குப் போன் பண்ணுவதை விட்டு நான்கு வருடம் ஆகிறது.

முதலில் வடக்கன்குளம். காவல்கிணற்றிலிருந்து உள்ளே போகவேண்டும். திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்த நீலகண்டன் தேவசகாயமாக மாறியது இந்த ஊரில்தான், 1745 மே 14 அன்று. நட்டாலத்துக்காரர் இவ்வளவு தூரம் வந்து திருமுழுக்குப் பெற்றதற்குக் காரணம் இருக்கிறது. ராஜாவின் ஊழியர் ஒருவர் திருவிதாங்கூருக்குள்ளேயே மதம் மாறினால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வடக்கன்குளம் அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. இங்கே இருந்த இயேசு சபைக் குரு புட்டாரி அடிகளாரும், வந்தவுடனே தண்ணீரை ஊற்றிவிடவில்லை. என்ன துன்பம் வரும் என்பதையெல்லாம் எடுத்துச் சொல்லி, அவர் உறுதியைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்கிறார்கள். லாசர் என்று பெயர். ‘கடவுள் துணை செய்தார்’ என்பது அதன் பொருள். அதைத்தான் தமிழில் தேவசகாயம் என்றார்கள்.

திருக்குடும்ப ஆலயத்துக்குள் போனதும் எனக்கு மனம் கனத்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு, சொல்லாமல் தாண்டிப் போகமுடியாது. தேவசகாயம் மீது கோபப்பட்டவர்கள் சொன்ன குற்றங்களில் ஒன்று, எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகுகிறார், உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பது. அப்படிப்பட்டவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், அவர் இறந்து நூறு வருடம் கழித்துக் கட்டப்பட்ட கோயிலில், சாதிக்கு ஒரு பக்கமாக மக்களைப் பிரித்து உட்காரவைத்தார்கள். பீடம் ஒன்று, நடுவே சுவர். 1910-ல் அந்தச் சுவரை இடித்தார்கள். அதை எதிர்த்து வழக்குக்கூட நடந்தது. புனிதர் பட்டத்துக்கு முன்பு ரோமில் அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரை நீக்கினார்களே, அதை நான் முழுமனதோடு வரவேற்றேன். அவரைக் கேட்டிருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவருடைய மனைவி பார்கவியும் இதே ஊரில்தான் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் கொல்லப்பட்ட பிறகு சொந்த ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே வாழ்ந்து இங்கேயே இறந்தார். அம்மா அந்த அம்மாளுக்காகத் தனியாகப் பத்து மணி உருட்டிச் செபமாலை சொன்னாள். “அந்தப் பிள்ளைய யாரும் நெனைக்கதே இல்ல” என்றாள்.

ராத்திரி நாகர்கோவிலில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலைப் பூசை கோட்டாறு சவேரியார் பேராலயத்தில். காற்றாடிமலையில் சுட்டுக் காட்டில் போட்டுவிட்டுப் போனவர்களுக்குத் தெரியாமல், மிச்சமிருந்த எலும்புகளைக் கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொண்டு வந்து புதைத்தது இந்தக் கோயிலுக்குள்தான். அம்மா கல்லறைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டாள். முழந்தாளிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை.

பூசை முடிந்தது. வாசலுக்கு வந்தாள். மணிபர்ஸிலிருந்து போனை எடுத்தாள். ரிங் போனது, கட் ஆனது. அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. போனைத் திரும்ப வைத்து ஜிப்பை இழுத்தாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. “எதுக்கும்மா வாராவாரம் இப்படி?”

“எடுக்கானோ எடுக்கலையோ அது அவன் பாடு. கூப்பிடுதது என் வேல. அந்தக் கைம்பெண் நடுவர் வீட்டுக்குப் போகாம இருந்தாளாட்டி?”

லூக்கா நற்செய்தியில் வருகிற அந்தக் கைம்பெண் அம்மாவுக்கு நெருங்கிய சொந்தக்காரி மாதிரி. நான் பதில் சொல்லவில்லை.

புலியூர்க்குறிச்சிக்கு பஸ்ஸில் போகும்போது அம்மாவுக்கு டிலனாய் கதையைச் சொன்னேன். 1741-ல் குளச்சலில் டச்சுப் படை திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றபோது பிடிபட்டவர் அந்தக் கப்பித்தான். பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் வாங்கினார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. கோட்டை இப்போது பல்லுயிர்ப் பூங்கா. கூரை இல்லாத பழைய கோயிலுக்குள் லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல். பக்கத்தில் இளைஞர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கால்நடைகள் செத்து, பயிர் போய், மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு இந்த டிலனாய்தான் யோபுவின் கதையைச் சொன்னார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் வரும். துன்பத்தில் இருப்பவனிடம், எங்கள் சாமியைக் கும்பிட்டால் போன மாடுகள் திரும்ப வரும் என்று அவர் ஆசை காட்டவில்லை. எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்து, கடவுளிடமே ‘ஏன்’ என்று கேட்டும் அவரை விடாமல் பிடித்துக்கொண்ட மனிதனின் கதையைச் சொன்னார். அப்படி ஒரு கதையைக் கேட்டு வந்த விசுவாசம், பின்னால் அடி விழுந்தபோது ஆடவில்லை.

முட்டிடிச்சான் பாறை கோட்டைக்குப் பக்கத்தில்தான். சித்திரவதை செய்து நடத்திக்கொண்டு போனபோது தாகம் தாங்காமல் செபித்து, முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் வந்தது என்பது மக்களின் நம்பிக்கை. பாறையில் சின்னக் குழிதான். குனிந்து பார்த்தால் உள்ளே தண்ணீர். அம்மா கையை விட்டு எடுத்து நெற்றியில் வைத்தாள், கொஞ்சம் குடித்தாள், அப்புறம் முழங்காலில் தடவிக்கொண்டாள். எனக்கும் ஒரு கை கொடுத்தாள். குளிர்ச்சியாக இருந்தது, லேசாகப் பாசி வாசனை.

நட்டாலத்தில் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, பெருவிளைக்கு வந்தோம். வெயில் உச்சியில் நின்றது. ஆட்டோவிலிருந்து இறங்கியபோது சொன்னேன், “இங்கதாம்மா வேப்பமரத்துல கட்டி வச்சிருந்தாங்க, மாசக்கணக்கா.”

1749 பிப்ரவரி 23-ல் கைது செய்தார்கள். சுட்டுக் கொன்றது 1752 ஜனவரி 14-ல். நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம். சின்ன வயதிலிருந்து கேட்ட கதையில் எனக்கு அந்தத் துப்பாக்கிச் சூடுதான் பெரிதாகத் தெரிந்தது. எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராக ஊர்வலம் விட்டதும், அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தடவியதும் அதற்கு முன்கதை மாதிரி. பெருவிளை வெயிலில் நின்றபோதுதான் அந்த மூன்று வருடம் எனக்கு உறைத்தது. ஆயிரம் நாளுக்கு மேல். அந்த ஒவ்வொரு நாளும் ‘இந்த மதத்தை விட்டுவிடுகிறேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கட்டு அவிழ்ந்திருக்கும். மாட்டேன் என்றால் மறுபடி அடி. மறுநாள் காலையில் அதே கேள்வி, அதே பதில். ஒரு துப்பாக்கிக்கு முன்னால் நெஞ்சைக் காட்டுவதற்கு ஒரு நிமிடத் தைரியம் போதும். இது தினமும் காலையில் புதிதாகக் கேட்டு வாங்கவேண்டிய தைரியம். அதை அவர் எங்கிருந்து வாங்கினார் என்று எனக்கு அங்கே நின்றபோது சந்தேகமே இல்லை. கட்டிப்போட்ட இடத்திலும் செபித்துக்கொண்டேதான் இருந்தார். பார்க்க வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

அம்மா ஆட்டோவின் நிழலில் நின்று செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் கோயில் வாசலில் நான் பார்க்கிற அதே முகம்.

ஆரல்வாய்மொழிக்கு வந்து சேர நாலரை மணி ஆகிவிட்டது. கணவாயின் காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. தூரத்தில் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மலையடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம். மகனின் சிலுவையடியில் நின்ற தாய்க்குக் கட்டிய கோயில் என்பதால், அம்மா அங்கே வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

மேலே ஏற ஆரம்பித்தோம். ஒவ்வொரு படிக்கும் அம்மா முதலில் வலதுகாலை வைத்து, முழங்காலைக் கையால் அழுத்தி, அப்புறம் இடதுகாலை எடுத்தாள். பிடித்துக்கொள்ளட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பம் முந்திக்கொண்டு போனது. அந்தக் குழந்தை திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்தது.

சுடுவதற்கு முன்பு அவர் முழந்தாளிட்டுச் செபித்த இடத்தில் முழங்கால், முழங்கைத் தடங்கள் என்று காட்டுகிறார்கள். அம்மா அந்தப் பள்ளங்களில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்பது வயது அவருக்கு. தம்பிக்கு இந்த வருடம் முப்பத்தாறு. அம்மா அந்தக் கணக்கைப் போட்டாளா தெரியாது, நான் போட்டேன்.

பிறகு மணியடிச்சான் பாறை. அவர் உயிர் போன வேளையில் மலையிலிருந்து இந்தப் பாறை உடைந்து விழுந்து மணிபோல ஒலித்தது என்பார்கள். இன்றும் கல்லால் தட்டினால் மணி ஓசை கேட்கும். தட்டித் தட்டிப் பாறையில் ஓரிடம் வெளுத்துக் கிடக்கிறது. பக்கத்தில் உள்ளங்கைக்கு அடங்குகிற ஒரு கல், பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தது. முந்திப்போன குடும்பத்தின் குழந்தை அதை எடுத்து அம்மாவிடம் நீட்டியது.

அம்மா வாங்கிக்கொண்டாள். தட்டவில்லை. என்னைப் பார்த்தாள்.

“போனை எடு. இந்தச் சத்தத்தைப் பிடிச்சு அவனுக்கு அனுப்பு.”

“உங்க போன்ல இருந்தே அனுப்பலாம்மா.”

“நீ அனுப்பு.”

கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். காற்று விடாமல் இரைந்தது. போனை எடுத்து வாட்ஸ்அப்பில் கீழே, கீழே, இன்னும் கீழே தள்ளித் தேடி அவன் பெயரைக் கண்டுபிடித்தேன். நான்கு வருடத்துக்கு முந்தைய கடைசிச் செய்தி அங்கேயே இருந்தது. என்னுடையது, கோபமாக எழுதியது. மைக்கை அழுத்திப் பாறைக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

அம்மா மூன்று தரம் தட்டினாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று அவள் வாய் அசைந்தது. டங்... டங்... டங்... வெண்கலம் மாதிரியே கேட்டது. பாறை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

விரலை எடுத்தேன். போய்விட்டது.

“போயிட்டா?”

“போயிட்டும்மா.”

“சரி, எறங்குவோம். இருட்டுறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிக்கணும்” என்று கல்லைக் குழந்தையிடம் திரும்பக் கொடுத்தாள். இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.