பால் இறங்க முந்தின பத்து நிமிடம்

“ரென்சன் ஆகாதேங்கோ, பால் வராது.” குறைமாதப் பிள்ளைகளின் விடுதியில், பிள்ளைக்காகக் கோப்பையில் பால் எடுக்கும் தாய்மார் நாள்முழுக்கக் கேட்பது இதைத்தான். பொய்யில்லை. பயத்தில் ஊறும் அட்ரினலின், பாலை இறக்கும் ஓமோனான ஒட்சிடோசினை மறிக்கும். பால் சுரந்திருந்தாலும் இறங்காது. ஆனால் எப்படி ஆறுவதென்று காட்டிக்கொடுக்காமல் இதைச் சொல்வது, தவிக்கிறவளை இன்னும் தவிக்க வைக்கும்.

கைகண்ட வழி முதுகு உருவுதல். தாய் கதிரையில் இருந்து, மேசையில் கைகளை மடித்து அதன்மேல் தலையைச் சாய்க்கட்டும். சட்டை கழன்று மார்பு தளர்வாகத் தொங்க வேண்டும். ஆகையால் முதலில் திரையை இழுத்துவிடுங்கள். பின்னால் நிற்பவர் கைகளைப் பொத்தி, பெருவிரல்களால் முள்ளந்தண்டின் இரு பக்கமும் சின்ன வட்டங்களாக அழுத்திக்கொண்டு கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பு மட்டம் வரை இறங்கவேண்டும். 2–3 நிமிடம் போதும். எலும்பின்மேலேயே அழுத்தினால் நோகும். மெல்லத் தடவினால் கூசும். அம்மம்மாமாருக்கு ஒருக்கால் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்.

தோளை இறுக்கி வைத்திருப்பது தாய்க்கே தெரியாது. காதுவரை தூக்கி, ஐந்து எண்ணி, சட்டென விழவிடச் சொல்லுங்கள். பிறகு நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது, பத்துத் தரம். சிசேரியன் புண் நோகும்போது இதெல்லாம் எடுபடாது. நோ மாத்திரை நேரத்துக்குப் போயிருக்க வேண்டும்.

அடுத்த வில்லங்கம் பால் எடுக்கும் கோப்பை. முதல் நாட்களில் வருவது சில துளி கடும்புப்பால்தான். அந்தச் சின்ன வயிற்றுக்கு அதுவே பெரிசு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் விழும். கோப்பையைச் சுத்தமான துணியால் சுற்றிவிட்டு, பிள்ளையைப் போர்த்திய துணியை மணந்தபடி பாலை எடுக்கட்டும். பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்த கையோடு எடுத்தால் இன்னும் நல்லது. 1989இல் அமெரிக்காவில் மனதை ஆற்றும் ஒலிநாடா கேட்ட குறைமாதத் தாய்மாருக்கு, ஒருதரம் எடுத்த பால், கேளாதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாக இருந்தது.

ஆறுதல் மட்டும் பால் ஊறவைக்காது. 24 மணித்தியாலத்தில் 8–10 தரம், இரவிலும் எடுக்கவேண்டும். மார்பு வெறுமையாகாவிட்டால் சுரப்பு குறையும். “சுறா வறை (பால் ஊறவென்று கொடுக்கும் சுறாமீன் கறி) குடுத்தனீங்களோ, பால் காணுதோ?” என்று வரும் தொலைபேசி அழைப்புகளை, பால் எடுக்கும் நேரத்தில் அம்மம்மாவே எடுக்கட்டும். பிள்ளை விடுதியில் இருக்க, தாயை வீட்டுக்குத் துண்டு வெட்டி அனுப்பியபின், நெடுந்தீவிலிருந்து தினமும் படகேற முடியாத தாய்க்குப் பால் எடுக்கும்போது பார்க்கத் தொலைபேசியில் பிள்ளையின் வீடியோ ஒன்று இருக்கட்டும், சத்தத்தோடு.