மெட்ராஸ் தெருவில் ஒரு சனி, ஒரு ஞாயிறு

நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போகவர நூறு டாலருக்குச் சற்றே கூடுதலாக ஒரு சலுகை டிக்கெட் கண்ணில் பட்டபோது எனக்கு 2011இல் அந்த ஊரை நொறுக்கிய நிலநடுக்கம் நினைவுக்கே வரவில்லை. ஏழு கிலோ கைப்பைக்குள் கம்பளிச் சட்டையையும் ஒரு பாக்கெட் ரொட்டியையும் எப்படித் திணிப்பது என்பதுதான் கவலையாக இருந்தது. 2014 நவம்பர். சனிக்கிழமை முதல் விமானம், ஞாயிறு இரவு கடைசி விமானம். டிக்கெட் போக நூறு டாலருக்குள் இரண்டு நாளையும் ஓட்டிவிட வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன்.

விமானத்தில் உட்கார்ந்து நகர வரைபடத்தைப் பிரித்தேன். நடுவில் தேவாலயச் சதுக்கம். அதன் வழியே வடக்கு தெற்காக ஓடும் தெருவுக்குப் பெயர் கொழும்பு. கிழக்கே அடுத்தது மான்செஸ்டர். அதற்கடுத்து மெட்ராஸ், பிறகு பார்படோஸ். யாரோ சீட்டுக் குலுக்கிப் பெயர் வைத்ததுபோல் இருந்தது. ஆனால் ஒரு கணக்கோடுதான் வைத்திருக்கிறார்கள். 1850இல் ஊரை அளந்து கோடு போட்ட எட்வர்ட் ஜாலி, அன்றைய ஆங்கிலிக்கன் மறைமாவட்டங்களின் பெயர்களை எடுத்துத் தெருக்களுக்குச் சூட்டிவிட்டார். 1996இல் நாம் கழற்றி வைத்த பெயர், உலகத்தின் இந்தத் தென்கோடியில் தெருமுனைக் கம்பத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. வேறு திட்டம் எதுவும் கையில் இல்லை. முதலில் அந்தத் தெருவை நடந்து முடிப்பது என்று தீர்மானித்தேன்.

பஸ் இறக்கிவிட்ட நிலையமே தற்காலிகமானது. வெளியே வந்தால் சரளைக்கல் கொட்டிய காலி மனைகள். பாதி மனைகளில் கட்டணக் கார் நிறுத்தம். திரும்பிய பக்கமெல்லாம் ஆரஞ்சு நிறச் சாலைக் கூம்புகள். ஓரிடத்தில் பழைய கட்டடத்தின் முகப்பு மட்டும் தனியாக நின்றது. பின்னால் ஒன்றும் கிடையாது. அது தெருவில் சாய்ந்துவிடாமல் சரக்குக் கன்டெய்னர்களை மேலே மேலே அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். கேஷல் தெருக் கடைவீதியும் கன்டெய்னர்கள்தான். இடிந்து சுமார் எட்டு மாதத்தில், 2011 அக்டோபரில், வண்ணமடித்த இரும்புப் பெட்டிகளுக்குள் கடைகளைத் திறந்துவிட்டார்கள். ஒரு பெட்டிக்குள் நின்று காபி குடித்தேன். என் சட்டப்படி அது ஆடம்பரம்.

அங்கே ஒரு விஷயத்தைத் திருத்திக்கொண்டேன். வெளியூர்க்காரர்கள் ஒரு நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசுகிறோம்; உள்ளூர்க்காரர்கள் "செப்டம்பர்", "பிப்ரவரி" என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார்கள். 2010 செப்டம்பர் 4 அதிகாலை 4.35க்கு வந்தது 7.1 அளவு. அதில் ஊர் குலுங்கியது, உயிர் தப்பியது. 2011 பிப்ரவரி 22 மதியம் 12.51க்கு வந்தது 6.3. எண்ணில் சிறியதான அதுதான் 185 பேரைக் கொண்டுபோனது. ஊருக்கு மிக அருகில், லிட்டல்டன் துறைமுகத்தை ஒட்டி, ஐந்து கிலோமீட்டர் ஆழத்திலேயே வெடித்ததும், எல்லோரும் மதிய உணவுக்குத் தெருவில் இருந்த நேரம் என்பதும்தான் காரணம். முதல் அடியில் விரிசல் விட்டிருந்த கட்டடங்கள் இரண்டாவதைத் தாங்கவில்லை.

மெட்ராஸ் தெருவுக்குள் திரும்பியபோது அதை ஒரு வேடிக்கைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பும் உற்சாகத்தில்தான் இருந்தேன். பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று படமும் எடுத்தேன். சில அடி தள்ளி, கேஷல் தெரு முனையில், கம்பி வேலி போட்ட ஒரு வெற்று மனை. வேலியில் பூங்கொத்துகள் செருகியிருந்தன; சில புதியவை, சில காகிதம்போல் காய்ந்தவை. சி.டி.வி. என்ற உள்ளூர்த் தொலைக்காட்சியின் கட்டடம் இருந்த இடம் அது. 185 பேரில் 115 பேர் அந்த ஒரே கட்டடத்தில் இறந்தார்கள். ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி ஒன்று அதற்குள் இருந்ததால் அவர்களில் பலர் ஜப்பானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த மாணவர்கள். எடுத்த படத்தை அனுப்பாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எதிர்ப்புறம் புல்தரையில் 185 நாற்காலிகள். பீட்டர் மஜெண்டி என்ற கலைஞர் வைத்தவை. எல்லாவற்றுக்கும் வெள்ளை வர்ணம், ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி, சாய்வு நாற்காலி, முக்காலி, சக்கர நாற்காலி, காரில் குழந்தையை உட்காரவைக்கும் சின்னத் தொட்டில் இருக்கை. அந்தச் சின்னதன் முன்னால்தான் எல்லோருக்கும் நடை நின்றுவிடுகிறது, எனக்கும் நின்றது. மூன்றாவது வரிசையில் வயதான அம்மா ஒருவர் கைக்குட்டையை எச்சில் தொட்டு ஒரு நாற்காலியின் கைப்பிடியில் காய்ந்திருந்த பறவை எச்சத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போகவில்லை. நகத்தால் சுரண்டினார். பிறகு பக்கத்து நாற்காலியையும் துடைத்தார். யாருடைய நாற்காலி என்று கேட்க வாய் வரவில்லை.

அதே தெருவில் சற்று வடக்கே, லாட்டிமர் சதுக்கத்துக்கு எதிரே அட்டைத் தேவாலயம். தேவாலயச் சதுக்கத்திலிருந்த பெரிய தேவாலயத்தின் கோபுரம் பிப்ரவரியில் சரிந்த பிறகு, ஜப்பானியக் கட்டடக் கலைஞர் ஷிகெரு பான் கூலி வாங்காமல் வரைந்து கொடுத்தது. 2013இல் திறந்தார்கள். அட்டை என்றதும் மிட்டாய்ப்பெட்டிபோல் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துப் போனேன். உள்ளே போனால் ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனில் காகிதக் குழாய்கள், இரு பக்கமும் சாய்ந்து உச்சியில் சந்திக்கின்றன. பக்கச் சுவருக்கு இங்கேயும் கன்டெய்னர்கள். ஒரு குழாயை விரலால் தட்டிப் பார்த்தேன். துணிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டை உருளையின் அதே மொத்தைச் சத்தம். கட்டணம் இல்லை, உண்டியலில் ஐந்து டாலர் போட்டேன்.

பழைய தேவாலயம் வேலிக்குள் முகம் பிளந்து கிடந்தது, புறாக்கள் உள்ளேயும் வெளியேயும் பறந்துகொண்டிருந்தன. 1864இல் அடிக்கல் நாட்டி 1904இல் முடித்தது. இடித்துவிடலாம் என்று திருச்சபையும் கூடாது என்று ஒரு கூட்டமும் நீதிமன்றம் வரை போயிருந்த நேரம் அது. (2017இல் புதுப்பிப்பதென்று முடிவானது, 2024இல் பணமில்லாமல் வேலை நின்றது.)

விடுதியில் எட்டுப் பேர் அறையில் ஒரு கட்டில். வாசலில் வரிசையாகச் சிமென்ட் ஒட்டிய பூட்ஸ்கள். என்னைத் தவிர எல்லோருமே கட்டட வேலைக்கு வந்தவர்கள். சமையலறையில் பருப்பு தாளிக்கும் வாசனை வந்ததும் என் ரொட்டியை மறந்தேன். தலையில் வெள்ளைச் சுண்ணாம்புத் தூளோடு அடுப்படியில் நின்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், பெயின்டர்.

"எந்த ஊர், தம்பி?"

"சென்னை, அண்ணை."

"அப்போ உங்களுடைய தெருவைப் பார்த்தீர்களா? உங்களுக்கு மெட்ராஸ், எங்களுக்குக் கொழும்பு. எங்களுடையதுதான் நீளம்" என்று சிரித்து, கேட்காமலே ஒரு தட்டை எடுத்துச் சோறும் சம்பலும் போட்டார். சுவருக்குப் பட்டி பார்த்து வர்ணம் அடித்துவிட்டு வந்தால் மறு வாரமே சின்ன அதிர்வில் அதே இடத்தில் கோடு விழும் என்றார். அதையும் ஒரு வேலையாகவே எடுத்துக்கொள்கிறாராம்.

இரவு இரண்டு மணி வாக்கில் கட்டில் ஒரு முறை உலுக்கியது, யாரோ காலால் தள்ளியதுபோல. நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இருட்டில் ஒரு குரல் "மூன்று" என்றது. இன்னொரு குரல், "மூன்று புள்ளி நான்கு." அண்ணை, "ஆழமானது, மூன்றுதான்" என்றார். நாலைந்து போன்கள் ஒளிர்ந்தன. நிலநடுக்கங்களைப் பதிவு செய்யும் ஜியோநெட் தளத்தில் எண் வந்ததும் யாரோ ஆங்கிலத்தில் ஒரு வசவு சொன்னார், யாரோ சிரித்தார், அறை மறுபடி குறட்டைக்குத் திரும்பியது. நான் மட்டும் விடியும்வரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை ஏவன் ஆற்றோரமாகக் கிழக்கே நடந்தேன். ஆற்றோரக் குடியிருப்புகளின் மண் நீர் ஊறிய பொடிமணல். நிலம் குலுங்கும்போது மணலுக்கிடையே நீரின் அழுத்தம் ஏறி, கெட்டியாக இருந்த தரை கூழாகிவிடுகிறது. வீட்டு முற்றத்தில் சாம்பல் நிறச் சேறு கொப்பளித்து வருகிறது. அப்போது முகநூலில் திரண்ட கல்லூரி மாணவர்கள் மண்வாரியோடு வந்து தெருத்தெருவாக அள்ளினார்கள். ஆனாலும் அந்த மண்ணை நம்பி மறுபடி கட்ட முடியாது என்று முடிவெடுத்து, சுமார் எட்டாயிரம் வீடுகளை "சிவப்பு மண்டலம்" என்று குறித்து அரசே வாங்கி இடித்துக்கொண்டிருந்தது. நான் போனபோது தெரு இருந்தது, நடைபாதை இருந்தது, கார் நுழையும் சரிவு இருந்தது. அந்தச் சரிவு முடியும் இடத்தில் புல். வேலி இல்லாத தோட்டங்களில் ரோஜா பூத்திருந்தது. ஒரு தபால்பெட்டி மட்டும் கம்பத்தோடு நின்றது. அதில் "விளம்பரத் தாள்கள் வேண்டாம்" என்று ஒட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்து நகரத்துக்குள் நிலநடுக்க அருங்காட்சியகத்தின் வாசலில் நின்றேன். நுழைவுக் கட்டணத்தைப் படித்து, கையிலிருந்ததை எண்ணி, வந்துவிட்டேன். இன்றுவரை உறுத்துகிறது. நொறுங்கிய ஊருக்கு வந்து அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே பணத்தைச் செலவழிக்காமல் ஊருக்கு மிச்சம் பிடித்துப் போவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? பூங்கா இலவசம், கேன்டர்பரி அருங்காட்சியகம் இலவசம் என்று பட்டியல் போட்டு மகிழ்ந்த ஆள்தான் நான்.

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு காலி மனையில் நடன மேடை மாதிரி ஒன்று. பக்கத்தில் காசு போட்டால் ஓடும் பழைய சலவை இயந்திரம். கேப் ஃபில்லர் என்ற குழு, இடிந்த மனைகளை வெறுமனே விடாமல் வைத்த விளையாட்டுகளில் ஒன்று: இரண்டு டாலர் போட்டு உங்கள் போனை இணைத்தால் ஒலிபெருக்கியில் அரை மணி நேரம் உங்கள் பாட்டு. அப்போது இளவரசராக இருந்த சார்லஸே 2012இல் இதில் ஆடிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஆட வராது. ஆனாலும் காசைப் போட்டு ஒரு தமிழ்க் குத்துப்பாட்டை வைத்தேன், ஓரமாக நின்று காலால் தாளம் போட. எங்கிருந்தோ ஒரு சிறுமி ஓடிவந்து மேடையில் சுழன்றாள். அவள் அம்மா காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினார். சாலைக் கூம்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே இரண்டு அடி போட்டார்.

விமான நிலைய பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டுமானால் போனைக் கழற்ற வேண்டும், பாட்டு நின்றுவிடும். போட்ட காசில் இன்னும் பாதி நேரம் பாக்கி. கடிகாரத்தைப் பார்த்தேன், சிறுமியைப் பார்த்தேன். பஸ் முனையில் திரும்பிப் போவது தெரிந்தது.