பார்த்தே பழகும் அடி

தம்பியை அடித்த பிள்ளையை, ‘இனி அடிப்பாயா?’ என்று கேட்டபடியே முதுகில் ஒன்று வைக்கும் பெற்றோரைக் காணும்போதெல்லாம், அந்தப் பிள்ளை அடிக்கும் விதத்தை இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறதே என்று என் மனம் பதறுகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 72 குழந்தைகளைக் கொண்டு நடத்தி, 1961இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகவே காட்டியது. காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடித்து, மூக்கில் குத்தி, உதைப்பதைப் பார்த்த பிள்ளைகளில் பலர், அவர் இல்லாத வேறோர் அறையில் அத்தகைய பொம்மை கிடைத்ததும், அவர் சொன்ன சொற்களைக்கூட விடாமல் அப்படியே செய்தார்கள்.

பண்டூரா 1965இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் முக்கியமானது என்பேன். அடித்தவர் தண்டிக்கப்படுவதைக் கண்ட குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால், பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு உண்டு என்றதும், அவர்களும் தண்டனையைக் காணாத மற்றவர்களுக்கு இணையாகச் செய்துகாட்டினார்கள்.