அணில் குட்டிக்குப் பசும்பால் கொடுக்காதீர்கள்

காலையில் எங்கள் காப்பகக் கதவைத் திறக்கும்போதே கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து யாராவது சப்பாத்துப் பெட்டியோடு நிற்பார்கள். மரம் வெட்டியபோது கூட்டோடு விழுந்த, கண் திறக்காத அணில் குட்டிகள். முதல் வேலை பால் இல்லை, சூடு. உடம்பு குளிர்ந்திருக்கும்போது ஊட்டினால் செரிக்காது, அதனால் துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலோடு சேர்த்து வைப்போம், அப்புறம் ஊசி மாட்டாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுப்போம், குட்டியைக் குப்புறப் பிடித்தபடி. மல்லாத்திப் பிடித்தால் நுரையீரலுக்குள் போய்விடும். பசும்பால் தயவுசெய்து வேண்டாம், வயிற்றோட்டத்திலேயே செத்துப்போகும். குடித்து முடிந்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால்தான் மூத்திரம் போகும், தாய் நக்கிவிடுகிற மாதிரி.

ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட கொழும்பில் மீன்பிடிப் பூனை என்ற காட்டுப்பூனைகூட இன்னும் இருக்கிறது. தலவத்துகொட பக்கம் புல்லுக்குள் அதன் புள்ளிக் குட்டி தனியாகக் கிடந்தால் உடனே தூக்காதீர்கள், தாய் இரை தேடப் போயிருக்கும். தள்ளி நின்று பாருங்கள், வராவிட்டால் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள், வனஜீவராசிகள் திணைக்களம்.