நடந்து போனவரின் வழக்கு

சாலையில் நடந்து போய் அடிபட்டவரின் இழப்பீட்டு வழக்கில் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது ஏ.ஆர். காப்பி. மருத்துவமனையில் சேர்த்தவுடன் டியூட்டி டாக்டர் நிரப்பும் விபத்துப் பதிவேட்டின் நகல் அது. அதில் 'எப்படி நேர்ந்தது' என்ற இடத்தில் எழுதப்படும் ஒரு வரி, மூன்று வருடம் கழித்துத் தீர்ப்பாயத்தில் வந்து நிற்கும்.

தூக்கிக்கொண்டு வருபவர் வழியில் போன ஆட்டோக்காரராக இருப்பார், மோதியதைப் பார்த்திருக்க மாட்டார். போலீஸ் கேஸ் என்றால் அட்மிஷன் போட மாட்டார்களோ என்று பயந்து, வீட்டாரே 'வழுக்கி விழுந்துட்டார்' என்று சொல்லிவிடுவதும் உண்டு. மூன்று வாரம் கழித்து வண்டி நம்பரோடு எஃப்.ஐ.ஆர். பதிவாகும். இன்சூரன்ஸ் தரப்புக்கு அதுவே போதும்: வேறெங்கோ விழுந்தவருக்காக வண்டியைப் புகுத்தியிருக்கிறார்கள் என்று எதிர்வாதம் எழுதுவார்கள். எஃப்.ஐ.ஆர். தாமதம் ஒன்றை மட்டும் வைத்து மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஆனால் தாமதத்தோடு 'வழுக்கி விழுந்தார்' என்ற வரியும் சேர்ந்தால் மீள்வது கடினம். தப்பாக எழுதியிருப்பது தெரிந்தால் அன்றைக்கே போலீஸில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பக்கத்துக் கடைகளின் கேமராப் பதிவையும் உடனே கேட்க வேண்டும், பல இடங்களில் சில நாட்களிலேயே பழையது அழிந்து புதியது ஏறிவிடும்.

அடுத்தது, விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரையும் மாதிரி வரைபடம். மோதிய இடம் சாலை ஓரத்திலிருந்து எத்தனை அடி, பிரேக் தடம் இருந்ததா என்பது அதில் இல்லாவிட்டால் 'திடீரென்று குறுக்கே ஓடிவந்தார்' என்ற ஓட்டுநரின் சொல்லே மிஞ்சும். அதை வைத்துப் பாதசாரியின் பங்குத் தவறு என்று 20, 30 சதவீதம் கழிக்கக் கேட்பார்கள். கோடு போடாத இடத்தில் கடந்தார் என்பது மட்டும் தவறாகிவிடாது. நடைபாதையே இல்லாத ஊர்ச் சாலையில் அவர் வேறு எங்கே நடப்பார்?

தொகை பெரிதும் மாறுவது ஊனக் கணக்கில்தான். 38 வயதுக் கொத்தனார் ஒருவர், மாத வருமானம் 15,000 ரூபாய், காலில் 40 சதவீத ஊனம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீத ஊனத்துக்கு 5,000 ரூபாய் என்று போட்டால் வருவது 2 லட்சம். அவரால் சாரம் ஏற முடியாது, சம்பாதிக்கும் திறனே அந்த 40 சதவீதம் போய்விட்டது என்று நிரூபித்தால் கணக்கே வேறு: எதிர்கால வருமான உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டி மாதம் 21,000, அதை 12-ஆலும் அந்த வயதுக்கென்று நீதிமன்றங்கள் வைத்திருக்கும் பெருக்கும் எண் 15-ஆலும் பெருக்கினால் 37,80,000, அதில் 40 சதவீதம் 15,12,000. இரண்டுக்கும் ஊனச் சான்றிதழ் ஒன்றேதான். 'கால் மடங்கவில்லை' என்பதோடு நிற்காமல், எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று டாக்டரின் சாட்சியத்திலும் மேஸ்திரியின் சாட்சியத்திலும் வர வேண்டும்.

ஓட்டுநரிடம் லைசென்ஸ் இல்லையாம் என்று கேட்டதும் பலர் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள், அது தேவையில்லை. நடந்து போனவர் மூன்றாம் நபர், அதாவது வண்டி உரிமையாளருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தத்தில் சேராத வெளியாள். இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பணத்தைக் கட்டிவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். வண்டிக்கு இன்சூரன்ஸே இல்லையென்றால்தான் சங்கடம், உரிமையாளரின் சொத்தைத் தேடிப் போக வேண்டும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் 2022 ஏப்ரல் முதல் பலத்த காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் உண்டு.

திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் இழப்பீட்டு மனுவுக்கான கெடு ஆறு மாதம். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, காயம்பட்டவர் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

லோக் அதாலத்தில் சமரசம் பேசக் கூப்பிட்டால் போகலாம், பணம் சீக்கிரம் கைக்கு வரும். ஆனால் அங்கே கையெழுத்துப் போட்டால் அப்பீல் கிடையாது. எலும்பில் வைத்த பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கியிருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு, செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி, அந்தத் தொகையையும் சேர்த்துப் பேசிய பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.